கடல் தடுத்ததா, கழிவு கொன்றதா? வெப்பமண்டலத் தீவு ஆறுகளில் நீர்ப்பூச்சிகளின் சாட்சியம்

ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது? நீரைக் குப்பியில் மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அல்லது ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகளையும் புழுக்களையும் எண்ணலாம். இரண்டாவது வழியை ஆதரிப்பவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு வாதத்தை முன்வைக்கிறார்கள். மொண்ட நீர், மொண்ட நேரத்து நிலையை மட்டுமே காட்டும். ஆலைக் கழிவை நள்ளிரவில் திறந்துவிட்டால் விடிவதற்குள் அது கடந்துபோய்விடும். பகலில் எடுத்த மாதிரியில் தடயம் இருக்காது. கல்லடியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வாழும் பூச்சிக்கு அந்த இரவிலிருந்து தப்ப வழியில்லை. எவை பிழைத்தன, எவை போய்விட்டன என்று பார்த்தால் ஆறு பட்ட பாடு தெரிந்துவிடும்.

இந்த வாதம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. இன்று காணக் கிடைக்காத பூச்சி முன்பு அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே அது. கண்டத்து ஆறுகளில் அதைப் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்கலாம். கடல் சூழ்ந்த தீவுகளில் அவ்வளவு எளிதாக ஏற்க முடியாது. ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, நியூ கலிடோனியா, சிங்கப்பூர், இலங்கை என்று இந்த முறை போன இடங்களிலெல்லாம் ஒரே கேள்வி வெவ்வேறு உருவில் எழுந்திருக்கிறது. இங்கே இல்லாத பூச்சியைக் கழிவு கொன்றதா, அல்லது கடல் வரவிடாமலே தடுத்ததா?

குளிர்நாட்டில் பிறந்த அளவுகோல்

ஜெர்மானிய ஆய்வாளர்கள் ரிச்சர்ட் கோல்க்விட்ஸும் மாக்சிமிலியன் மார்சனும் 1902-இல் தொடங்கி 1908, 1909 ஆண்டுகளில் விரிவாக வெளியிட்ட ‘சாப்ரோபிக்’ முறையை இத்துறையின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். சாக்கடை கலக்கும் இடத்திலிருந்து கீழே போகப்போக எந்தெந்த உயிர்கள் எந்த வரிசையில் திரும்பி வருகின்றன என்று அவர்கள் பட்டியலிட்டார்கள். அவர்கள் கண்முன் இருந்தது மக்கும் கழிவும் அதனால் குறையும் ஆக்சிஜனும்தான். அந்தக் குறுகலான நோக்கம் பின்னால் வந்த பல அளவுகோல்களிலும் ஒட்டிக்கொண்டது. தீவுகளுக்கு வரும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பிரிட்டனில் 1976-இல் அமைக்கப்பட்ட உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு இதை எளிய கணக்காக மாற்றியது. நீர்வாழ் முதுகெலும்பிலிகளின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சாகும் குடும்பங்களுக்கு 10. சிவந்த இரத்தப்புழுக்களை உள்ளடக்கிய கைரோனோமிடே குடும்பத்துக்கு 2. சேற்றில் நெளியும் மண்புழு வகைகளுக்கு 1. வலையில் அகப்பட்ட குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் ஆற்றின் மதிப்பு வந்துவிடும். குழுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் பிஎம்டபிள்யூபி என்று அறியப்படும் இந்த முறை உலகம் சுற்றியதற்கு அதன் எளிமையே காரணம். சிற்றினம் வரை அடையாளம் காணத் தேவையில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம் ஹில்சன்ஹாஃப் 1977-இல் இதை ஒத்த ஓர் அளவுகோலை வெளியிட்டார்.

இந்த முறைகள் அனைத்திலும் முதலிடம் மூன்று பூச்சி வரிசைகளுக்கு. வளர்ந்தபின் சில மணி நேரமோ சில நாளோ மட்டும் வாழும் மேஃப்ளை, குளிர்ந்த வேகநீரை விரும்பும் ஸ்டோன்ஃப்ளை, மணலையும் சருகையும் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ்ஃப்ளை. இவற்றின் அறிவியல் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘இபிடி’ என்பார்கள். இபிடி எண்ணிக்கை உயர்ந்தால் ஆறு நலம், தாழ்ந்தால் நலிவு என்பது ஏறக்குறைய ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது.

இதற்குப் போட்டியாக இரண்டு சிந்தனைகள் எழுந்தன. 1981-இல் ஜேம்ஸ் கார் மீன்களை வைத்து முன்வைத்தது ஒன்று. ஒரே மதிப்பெண்ணை நம்பாமல், இன எண்ணிக்கை, உணவுப் பழக்கம், சகிப்புத்தன்மை, அயல் இனங்களின் பங்கு எனப் பல அளவுகளை ஒன்றாகத் திரட்ட வேண்டும் என்றார் அவர். பிரிட்டனில் உருவாகி ஆஸ்திரேலியாவிலும் வேரூன்றியது மற்றொன்று. சரிவு, அகலம், மண், உயரம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் இடத்தில் எந்தக் குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று முதலில் கணித்து, பிறகு கிடைத்ததை எதிர்பார்த்ததோடு ஒப்பிடுவது. எதிர்பார்ப்பை வெளிப்படையாகச் சொல்லும் நேர்மை இந்த மூன்றாவது முறையிடம் மட்டுமே உண்டு என்பது என் கருத்து. மற்ற இரண்டிலும் எதிர்பார்ப்பு மதிப்பெண்களுக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

கடலைத் தாண்டியவையும் தாண்டாதவையும்

ஆல்பிரட் ரசல் வாலஸ் 1880-இல் எழுதிய ‘ஐலண்ட் லைஃப்’ நூலில் தீவுகளை இரு வகையாகப் பிரித்தார். ஒருகாலத்தில் கண்டத்தோடு ஒட்டியிருந்து பிரிந்தவை. கடலுக்குள்ளிருந்து தனியாக எழுந்தவை. நீர்ப்பூச்சிகளைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை இன்றும் செல்லும்.

தட்டான்களில் சில இனங்கள் கடலை அஞ்சுவதில்லை. மழைக்காலத்தில் நம் ஊர்களில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பான்டலா ஃப்ளாவசென்ஸ் இந்தியப் பெருங்கடலைக் கடந்து மாலத்தீவுக்குப் போகிறது. பசிபிக்கின் தனிமையில் கிடக்கும் ஈஸ்டர் தீவில் வாழும் ஒரே தட்டான் இனமும் இதுதான். ஸ்டோன்ஃப்ளையின் கதை நேரெதிர். பறக்கும் வலு குறைவு, வளர்ந்தபின் வாழ்நாள் குறைவு, உப்புநீரில் இளம்பருவம் பிழைக்காது. போர்ட்டோ ரிக்கோவில் அது இல்லை. ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் கடலால் கண்டங்களிலிருந்து பிரிந்து கிடக்கும் ஹவாயில் இபிடி மூன்று வரிசைகளிலுமே பூர்விக இனம் ஒன்றுகூட இல்லை. மனிதக் கால் படாத ஹவாய் மலையோடையை பிஎம்டபிள்யூபி கொண்டு அளந்தால் அது சாக்கடை ஓடும் வாய்க்காலோடு மதிப்பெண்ணில் போட்டியிடும்.

இலங்கை வேறு வகை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்த தீவு அது. அங்கே மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை இனங்கள் பல. ஸ்டோன்ஃப்ளையும் உண்டு, ஆனால் நியோபெர்லா பேரினத்தைச் சேர்ந்த மிகச் சில இனங்களே. தட்டான்களும் ஊசித்தட்டான்களுமாக 120-க்கும் மேற்பட்ட இனங்களில் ஏறத்தாழ பாதி அத்தீவுக்கு மட்டுமே உரியவை. ‘தீவு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஹவாயையும் இலங்கையையும் வைத்துப் பொது விதி தேடுவது பலனளிக்கும் என்று தோன்றவில்லை.

மதிப்பெண் இடம்பெயர்ந்தபோது

இருந்தாலும் முதலில் நடந்தது இடப்பெயர்ச்சிதான். கொலம்பியாவில் கப்ரியேல் ரோல்டான் பிரிட்டிஷ் மதிப்பெண் முறையை அந்நாட்டுக்கு ஏற்பத் திருத்தினார். அந்த வழியில் கியூபா தன் திருத்தத்தை 2003-இல் வெளியிட்டது. தாய்லாந்துக்கான திருத்தம் 2002-இல் வந்தது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டச்சு ஒத்துழைப்போடு வகுத்த உயிரியல் தர அளவுகோலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் காடு சூழ்ந்த ஓடைகளையும் கான்கிரீட் கால்வாய்களையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட ‘சிங்ஸ்கோர்’ 2014-இல் உருவானது.

திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு லிபெலுலிடே குடும்பம் நல்ல சான்று. இந்தத் தட்டான் குடும்பத்துக்குப் பிரிட்டிஷ் பட்டியலில் 8 மதிப்பெண். அதாவது தூய நீரின் அடையாளம். வெப்பமண்டலத்தில் இதே குடும்பத்தின் பல இனங்கள் வெதுவெதுப்பான குட்டைகளிலும் வயல் வரப்போரக் கசிவுகளிலும் சாலையோரப் பள்ளங்களிலும் சுகமாக முட்டையிடுகின்றன. பான்டலாவுக்கு மழைநீர் தேங்கிய குழியே போதும். அதைப் பிடித்து 8 மதிப்பெண் போட்டால் சாக்கடையும் சான்றிதழ் வாங்கிவிடும்.

இதற்கு ஓரளவு வேதியியல் காரணமும் உண்டு. கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 28 டிகிரியில் 7.8 மட்டுமே. வெப்பம் ஏறும்போது பூச்சியின் உடல் கேட்கும் ஆக்சிஜனோ கூடுகிறது. ஆகவே வெப்பமண்டலத் தாழ்நில ஆறு, கழிவு கலக்காமலே, குளிர்நாட்டு ஆற்றைவிட மூச்சுத்திணறலுக்கு அருகில் நிற்கிறது. அங்கே வாழப் பழகிய இனங்களின் சகிப்புத்தன்மையை இங்கிலாந்தின் அட்டவணையிலிருந்து ஊகிக்க முடியாது.

இரண்டாவது சிக்கல் காலம். இது போதிய கவனம் பெறவில்லை என்றே படுகிறது. குளிர்நாட்டுப் பூச்சிகளில் பல ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும். சில ஸ்டோன்ஃப்ளைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். அதனால்தான் அவற்றின் சாட்சியம் நீண்ட காலத்தைப் பேசுகிறது. கோஸ்டா ரிக்காவின் 35 ஓடைப் பூச்சி இனங்களின் வளர்ச்சிக் காலத்தை அளந்து ஜாக்சனும் ஸ்வீனியும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்குப் பல தலைமுறை காண்பவை என்று காட்டியது. தலைமுறை குறுகினால் நினைவும் குறுகும். ஆறு மாதம் முன்பு நடந்த நஞ்சு விபத்தின் சுவடு, அக்கம்பக்கத்து ஓடையிலிருந்து பறந்து வந்து முட்டையிட்ட புதிய தலைமுறைகளால் அழிந்துபோயிருக்கக்கூடும். மீட்சி வேகமானது என்று இதை மகிழ்ச்சியாகவும் சொல்லலாம். சாட்சி மறதிக்காரர் என்றும் சொல்லலாம்.

செங்குத்தான எரிமலைத் தீவுகளில் வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. சில மணி நேர மழையில் ஓடை பெருகிக் கற்களை உருட்டி, அடித்தளத்தையே துடைத்துப் போட்டுவிடும். புயலுக்கு மறுவாரம் எடுத்த மாதிரி மனிதரைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

நியூ கலிடோனியாவின் இரட்டைக் கணக்கு

இடம்பெயர்ந்த மதிப்பெண் போதாது, தீவுக்கு உள்ளேயே அளவுகோலை வளர்க்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு நியூ கலிடோனியா சிறந்த எடுத்துக்காட்டு. முதன்மைத் தீவின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கனமான உலோகங்கள் செறிந்த அல்ட்ராமாஃபிக் பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே நிக்கல் தோண்டப்படுகிறது. மலையுச்சியில் வெட்டிய மண் மழையோடு இறங்கி ஓடைகளைச் செந்நிறச் சகதியாக்குகிறது. கூடவே கிராமங்கள், பண்ணைகள், நகரம் ஆகியவற்றின் வழக்கமான மக்கும் கழிவும் உண்டு.

1999-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் நத்தாலி மாரி அந்தத் தீவின் ஓடைப் பூச்சிகளின் உண்மையான பரவலை அளந்து, மக்கும் மாசுக்கான உள்ளூர்க் குறியீட்டெண் ஒன்றை அமைத்தார். லெப்டோஃப்ளெபிடே என்ற மேஃப்ளைக் குடும்பத்தின் ஓரிடவாழ் இனங்கள் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. பின்னர் தெரிந்தது, அந்த எண் சகதியைச் சரியாகக் காட்டவில்லை என்பது. காரணம் எளிது. சுரங்கத்துக்குக் கீழே ஓடும் நீரில் ஆக்சிஜன் நிறைவாக இருக்கலாம். ஆனால் கற்களின் இடுக்குகள் நுண்மண்ணால் அடைபட்டு, ஒட்டிக்கொள்ள இடமில்லாமல், செவுள்கள் மூடிப்போய்ப் பூச்சிகள் போய்விடுகின்றன. மக்கும் கழிவைத் தாங்கும் இனமும் சகதியைத் தாங்கும் இனமும் ஒன்றல்ல. எனவே சகதிக்கென்றே ‘உயிர்-வண்டல் குறியீட்டெண்’ என்ற இரண்டாவது கணக்கு எழுந்தது. இன்று ஒரே ஓடைக்கு இரண்டு எண்கள் தரப்படுகின்றன.

இதை முறையின் தோல்வி என்று சிலர் கருதக்கூடும். ஆற்றின் ‘நலம்’ என்று ஒற்றை எண் தரும் அளவுகோல்களைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பதே என் மதிப்பீடு. ஒற்றை எண் நிர்வாகிகளுக்கு வசதி. ஆனால் எந்த நோயால் ஆறு படுத்திருக்கிறது என்பதை அது மறைத்துவிடுகிறது.

பிரான்சின் கடல்கடந்த பகுதிகள் வேறொரு காரணத்தால் இந்தப் பாதைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர்க் கட்டமைப்பு ஆணை குவாதலூப், மார்த்தினீக், ரீயூனியன் தீவுகளுக்கும் பொருந்தும். ஆற்றின் ‘சூழல்நிலை’ உயிர்களைக் கொண்டு மதிப்பிடப்பட வேண்டும் என்று அது சட்டமாகவே சொல்கிறது. இவற்றில் குவாதலூப், மார்த்தினீக் அடங்கிய அண்டிலிசுக்கான முதுகெலும்பிலிக் குறியீட்டெண் பல அளவுகளைத் திரட்டும் வகையில் உருவாகி 2014-இல் ஆய்விதழில் வெளியானது. கவனத்துடன் செய்யப்பட்ட பணி அது. ஆனால் அந்தத் தீவுகளின் மிகப் பெரிய நீர்ப் பிரச்சினை குளோர்டெகோன். வாழைத் தோட்டங்களில் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை பயன்பட்ட இந்தப் பூச்சிக்கொல்லி இன்றும் மண்ணிலிருந்து கசிந்து இறாலிலும் மீனிலும் சேர்கிறது. பல இடங்களில் மீன்பிடிக்கத் தடை உண்டு. சகதியையும் சாக்கடையையும் காட்டும் பூச்சிக் கூட்டம், சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சை எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு உயிரின் பட்டியல் போதாது. உயிரின் தசையை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பூச்சி எண்ணுவோர் குப்பியை ஒதுக்கிவிட முடியாத இடம் இது.

தூய்மையா, பூர்விகமா?

ஹவாய் விவாதத்தின் அடித்தளத்தையே அசைத்தது. பூர்விக இபிடி இல்லாத அந்த ஓடைகளில் வேறு அற்புதங்கள் உண்டு. மெகலக்ரியான் என்ற ஊசித்தட்டான் பேரினம் ஒரு மூதாதையிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்திருக்கிறது. ஓர் இனத்தின் இளம்பருவம் நீரையே விட்டுவிட்டுப் பெரணிக் காட்டின் ஈரச் சருகில் வளர்கிறது. கடலோரப் பாறைகளில் வாழும் டெல்மாடோஜெடான் பூச்சிப் பேரினத்தின் சில இனங்கள் இங்கே அருவிப் பாறைகளுக்கு ஏறிவிட்டன. ஹைபோஸ்மோகோமா அந்துப்பூச்சிகளில் சிலவற்றின் கம்பளிப்புழு நீருக்குள்ளும் வெளியிலும் வாழும் என்பதை 2010-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. காலியாகக் கிடந்த வீட்டில் யார் யாரோ குடியேறியது போன்ற கதை.

இருபதாம் நூற்றாண்டில் கேடிஸ்ஃப்ளைகளும் வந்து சேர்ந்தன. வட அமெரிக்காவைச் சேர்ந்த செயுமாடோப்சைக் 1960-களில் ஒவாஹுத் தீவில் தென்பட்டது. இன்று பல ஓடைகளில் மிகுதியாக வாழும் பூச்சிகளில் ஒன்று. ஒரு மேஃப்ளை இனமும் வந்திருக்கிறது. இப்போது இபிடி சூத்திரத்தைப் போட்டால் என்ன ஆகும்? அயல் பூச்சி பெருகப் பெருக ஆற்றின் மதிப்பெண் ஏறும். தீவின் இயற்கை குலையக் குலைய அளவுகோல் பாராட்டும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2005-இல் வெளியிட்ட முதற்கட்ட ஹவாய்க் குறியீட்டெண் இந்தப் பொறியைத் தவிர்க்க முயன்றது. பூச்சிகளின் பங்கோடு, பூர்விக மலை இறால் இருக்கிறதா, வெளியிலிருந்து வந்த க்ரேஃபிஷ் இருக்கிறதா என்பவையும் அதில் கணக்கில் வருகின்றன. மைக்கேல் கிடோ 2013-இல் வெளியிட்ட குறியீட்டெண் இன்னும் ஒருபடி போய்ப் பூர்விக இனங்களையே மையமாக்கியது.

இங்கே இரண்டு தரப்புகள் எதிரெதிரே நிற்கின்றன. நீரின் தரத்தை அளப்பதே நோக்கம் என்றால் அயல் கேடிஸ்ஃப்ளையும் பயன்படும் சாட்சிதான். அது எங்கே பிறந்தது என்று கேட்பது வீண் என்கிறது ஒன்று. உயிர்ச்சூழலின் முழுமையே நலம். தூய நீரில் அயல் உயிர்கள் மட்டும் நீந்தினால் அதை நலம் என்று அழைக்க முடியாது என்கிறது மற்றொன்று. பின்னதற்கு வலுவான சான்று உண்டு. கொசுவை ஒழிக்க 1905-இல் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவும் அதன் உறவு மீன்களும் மெகலக்ரியான் இளம்பருவங்களைத் தின்று தாழ்நில ஓடைகளிலிருந்து விரட்டிவிட்டன என்று கருதப்படுகிறது. அந்த ஓடைகளின் நீர் எவ்வளவு தெளிந்தாலும் ஊசித்தட்டான் திரும்பாது. ஆனால் பூர்விகத் தரப்பின் பலவீனமும் வெளிப்படை. ஒருமுறை அயல் இனம் வேரூன்றிவிட்டால், கழிவைக் குறைக்க ஊர் எவ்வளவு பாடுபட்டாலும் மதிப்பெண் அசையாது. முன்னேற்றத்தைக் காட்டாத அளவுகோலை எந்த ஊராட்சியும் நெடுநாள் கையாளாது.

பூச்சிகள் பார்க்காத உடைப்பு

தீவு ஆறுகளை மிகக் கடுமையாகக் குலைப்பது பெரும்பாலும் சாக்கடை அல்ல. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையிலான வழி அடைபடுவது. வெப்பமண்டலத் தீவு ஓடைகளின் இறால்களிலும் உளுவை மீன்களிலும் பலவற்றின் வாழ்க்கை இரு நீரில் நடக்கிறது. மலையில் பொரித்த குஞ்சு நீரோட்டத்தோடு கடலுக்கோ கழிமுகத்துக்கோ போய் வளர்ந்து, திரும்பி வந்து, அருவிப் பாறையிலும் ஒட்டிக்கொண்டு ஏறும். ரீயூனியனில் ‘பிஷிக்’ என்று கறி சமைக்கும் மீன்குஞ்சு, இப்படித் திரும்பி வரும் உளுவைகள்தான்.

போர்ட்டோ ரிக்கோவின் லுகியோ மலைக்காடு இதற்கு உலகிலேயே நன்றாக ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று. எஸ்பிரிடு சான்டோ ஆற்றில் குடிநீருக்கு நீர் உறிஞ்சும் தாழ்வான அணை உண்டு. கடலை நோக்கி மிதந்து போகும் இறால் குஞ்சுகளில் நாள் சராசரியாக 42 சதவீதம் அந்த உறிஞ்சுவாயில் மாண்டுபோகின்றன என்று பென்ஸ்டெட்டும் சக ஆய்வாளர்களும் 1999-இல் கணக்கிட்டார்கள். உயரமான அணைகளின் கதை இன்னும் மோசம். நீர் வழிந்திறங்காத அணைகளுக்கு மேலே பூர்விக இறாலும் மீனும் அற்றுப்போயின.

இதில் பூச்சிகள் என்ன சொல்லின? கேத்தரின் ப்ரிங்கிள் குழுவினர் 1993-இல் காட்டியபடி, பாறைமேல் படியும் நுண்மண்ணையும் பாசியையும் இறால்களே மேய்ந்து துப்புரவாக வைத்திருக்கின்றன. பெரிய அணைகளுக்கு மேலே, இறால் போனபின், பாசியும் நுண்மண்ணும் பன்மடங்கு பெருகியிருந்ததை 2006-இல் அதே குழுவின் ஆய்வு பதிவு செய்தது. இறாலோடு போட்டியிட்ட, இறாலுக்கு இரையான சிற்றுயிர்களோ அங்கே குறையவில்லை; கூடியிருந்தன. பறக்கும் பூச்சிக்கு அணை ஒரு தடையல்ல. ஆகவே பூச்சிப் பட்டியலை மட்டும் பார்த்தால், உயிர்த்தொடர் அறுந்துபோன அந்த ஓடை நலமாகவே தெரியக்கூடும்.

நீரைத் திருப்பிவிடுவதும் இப்படித்தான். ஒவாஹுவில் 1916-இல் முடிந்த வையாஹோலே வாய்க்கால், தீவின் ஈரப் பக்கத்து ஓடைநீரைக் கரும்புத் தோட்டங்கள் இருந்த வறண்ட பக்கத்துக்குக் கொண்டுபோனது. 2000-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அந்த வாய்க்கால் நீர் குறித்த வழக்கில் நீர் பொதுச் சொத்து என்ற கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. எஞ்சிய சிறு நீரில் பிழைக்கும் பூச்சிகள் இருக்கின்றன. ‘எவ்வளவு நீர் போதும்’ என்பதற்கு அவற்றின் எண்ணிக்கை நேரடி விடை தருவதில்லை.

இந்தச் சான்றுகளிலிருந்து, பூச்சிகளைக் கைவிட்டு இறாலையும் மீனையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வருபவர்களும் உண்டு. அதுவும் மிகை. இறால் கழிமுகத்தின் நிலையையும் கடலின் நிலையையும் தன்னோடு சுமந்து வருகிறது. அது குறைந்தால் குற்றம் எங்கே என்று தெரியாது. ஒரு குறிப்பிட்ட ஓடைப் பகுதியின் கழிவையும் சகதியையும் பற்றிச் சொல்ல, அங்கேயே பிறந்து அங்கேயே கிடக்கும் பூச்சியே இன்னும் நம்பகமான சாட்சி.

பெயரில்லாத உயிர்கள்

எல்லா நிலைப்பாடுகளுக்கும் பொதுவான தடை அடையாளம் காண்பது. நீரில் கிடைப்பது இளம்பருவம். இனத்துக்குப் பெயர் வைத்திருப்பது பெரும்பாலும் வளர்ந்த பூச்சியை வைத்து. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் வளர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் கேடிஸ்ஃப்ளைகளை ஃபெர்னான்ட் ஷ்மிட் 1958-இல் விரிவாக விவரித்தார். 1970-இல் ஆஸ்திரிய–இலங்கை நீருயிரியல் குழு மலையோடைகளில் சேகரித்தது. மதுரையிலிருந்து கே. ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேஃப்ளைகள் குறித்துப் பல்லாண்டு செய்த பணியும், காவிரிப் படுகையை அடித்தள உயிர்கள் கொண்டு மதிப்பிட்டு 1996-இல் வெளிவந்த ஆய்வும், நெருங்கிய உறவுகொண்ட இலங்கை உயிரினத்துக்கும் பயன்படுபவை. ஆனாலும் குடும்ப அளவிலேயே கணக்கிடும் பழக்கம் நீடிக்கிறது. ஒரே குடும்பத்துக்குள் தாங்கும் இனமும் தாங்காத இனமும் அருகருகே இருப்பதை லிபெலுலிடே காட்டியது. பேட்டிடே போன்ற மேஃப்ளைக் குடும்பங்களிலும் அதே நிலைதான்.

2003-இல் பால் ஹெபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டைக் குறியீட்டு முறையும், ஒரு வாளி மாதிரியை மொத்தமாக வாசிக்கும் அதன் வளர்ச்சியும் இதைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை வலுத்துவருகிறது. ஓரளவே உடன்பட முடிகிறது. வரிசையை வாசிப்பது மலிவாகிவிட்டது; வாசித்ததை ஒப்பிட, பெயர் தெரிந்த மாதிரிகளின் நூலகம் வேண்டும். தீவின் ஓரிடவாழ் இனங்களே அந்த நூலகத்தில் குறைவாக இருப்பவை. மேலும் மரபணு எது இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எத்தனை இருக்கிறது என்று நம்பகமாகச் சொல்வதில்லை.

எதோடு ஒப்பிடுவது?

எந்த முறையை எடுத்தாலும் கடைசியில் மிஞ்சுவது ஒப்பீட்டுப் புள்ளி பற்றிய சிக்கல். கெடாத ஓடை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டதை அளக்க முடியும். தீவுகளில் மேட்டுநிலத்தில் காடு எஞ்சியிருக்கும். சமவெளியில் எஞ்சியிருப்பது அரிது. மேட்டு ஓடையைச் சமவெளி ஆற்றுக்கு அளவாக வைத்தால், சமவெளி ஆறு எப்போதும் தோற்கும். அதன் இயல்பான வெப்பமும் மெதுநடையும்கூடக் குற்றமாகிவிடும். சிங்கப்பூரில் நீ சூன் சதுப்புக் காட்டு ஓடைகளும் நகரக் கால்வாய்களும் ஒரே தராசில் ஏறும்போது எழும் கேள்வியும் இதுவே.

இலங்கையின் மலையகத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. 1830-களிலிருந்து காப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869-இல் தென்பட்ட இலைத்துரு நோய் காப்பியை வீழ்த்தியபின் தேயிலை அந்த நிலங்களை நிறைத்தது. ஷ்மிட் தம் ஆய்வை வெளியிட்டபோது தோட்ட ஓடைகளில் நூற்றாண்டுக்கும் மேலாக மண் இறங்கியிருந்தது. அதற்கு முன்பே அற்றுப்போன இனங்கள் உண்டா? ஏரிகளிலும் சதுப்புகளிலும் கைரோனோமிடே புழுக்களின் தலையோடுகள் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடப்பதுண்டு, அவற்றைக் கொண்டு பழைய சூழலை ஓரளவு மீட்கலாம். வேகமாக ஓடும் மலையோடையோ அப்படி எதையும் சேமித்து வைப்பதில்லை. எனவே வரலாற்று ஓடையை அளவாகக் கொள்வதா, இன்று குறைந்த அளவில் குலைந்திருக்கும் ஓடையைக் கொள்வதா என்பதைப் பூச்சியியல் மட்டும் முடிவு செய்ய முடியாது. இரண்டாவதைத் தேர்ந்தால் எண்கள் உடனே கிடைக்கும், அடுத்த பத்தாண்டில் ஓடை மேம்பட்டதா என்று ஒப்பிடவும் முடியும். ஆனால் மண் இறங்கிய ஓடையே அப்போது மலையகத்தின் இயல்பு என்று பதிவாகும். முதலாவதைத் தேர்ந்தால், 103 ஆற்றுப் படுகைகள் கொண்ட அந்தத் தீவில், சிங்கராஜா போல எஞ்சிய சில காடுகளின் ஓடைகளை வைத்தே மற்ற எல்லாவற்றின் பழைய நிலையையும் ஊகிக்க வேண்டிவரும்.